பாட்டிலில் ஏறாத தெம்பு

கோயிலில் நற்கருணைக்கு முழங்காலிட்ட என்னால் எழுந்திருக்க முடியவில்லை. வலி இல்லை, மயக்கம் இல்லை. தொடை சொன்னபடி கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆயரம்மாவும் என் மருமகள் எஸ்தரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிவிட்டார்கள். சபையே பார்த்தது. ஊர் வயலெல்லாம் நாற்று நட்ட உடம்பு இது. அதன்பிறகு நான் கோயிலுக்குப் போகவில்லை.

எங்கள் பக்கம் உடம்பு தளர்ந்தால் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வோம். நானும் ஏற்றிக்கொண்டேன். தெம்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து படுத்தேன். எஸ்தருக்குச் சிறுசேரியில் ஆபீஸ் துப்புரவு வேலை. விடியும்போதே சோறாக்கி, தண்ணீர் பிடித்து வைத்துவிடுவாள்.

"அத்த, நீ இன்னாத்தையும் தொடாத. கம்முனு குந்திகினு இரு."

அன்புதான். அந்த அன்பில் என் கால் இன்னும் இளைத்தது.

கடைசியில் அவளே செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டரம்மா, கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழச் சொன்னார். முடியவில்லை. தசை இளைப்பு (வயதில் சதை குறைந்து பலம் போவது) என்றார்.

"இன்னொரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்கம்மா, சரியாப்பூடும்" என்றேன்.

சிரித்தார். "பாட்டில்ல சதை ஏறாதும்மா. அடுப்பு எரிஞ்சா புகை வருமில்ல? சதையும் சாப்பாட்டை எரிச்சுதான் வேலை செய்யுது. அந்தப் புகையை உடம்பே அடக்கிக்கும். வயசாகி, சும்மாவும் கிடந்தா, புகை மிஞ்சிடும். சதையை அரிக்கும். மத்த உறுப்புங்க மூப்படையறதுக்கும் அது ஒரு காரணம்."

அதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் (அந்தப் புகை உடம்பு அடக்கும் சக்தியை மீறிப்போவது) என்று பெயராம்.

"அதுக்கு மாத்திரை?"

"நாற்காலிதான் மாத்திரை. உட்காருங்க, எழுந்திருங்க. சதைக்கு வேலை குடுத்தா புகையை அடக்கற பலமும் வரும். முட்டை, மீன், பருப்பு சாப்பிடுங்க."

தினமும் எஸ்தர் வேலை முடிந்து வந்ததும் எதிரில் நின்று பழக்கினாள்.

"இன்னா அத்த, எய்ந்துக்கச் சொன்னா என் மென்னியப் புடிக்கிற?"

"நீதானடி குந்த வச்ச? நீயே தூக்கு!"

இருவரும் சிரிப்போம், நான் மறுபடி நாற்காலியில் விழுவேன். போகப்போக அவள் தோளை விட்டேன். பிறகு நாற்காலிக் கையையும் விட்டேன். தண்ணீர்க் குடத்தை அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டேன்.

உங்களுக்கும் எழுந்திருப்பது பாரமானால் வெட்கப்பட்டு ஒளியாதீர்கள். நான் ஒளிந்திருந்த நாளெல்லாம் கால் இளைத்த நாள்தான்.

போன மாதம் நற்கருணைக்குப் போனேன். முழங்காலிட்டேன். எஸ்தர் கை நீட்டினாள். "எடுடி கைய" என்றேன், மெதுவாக.

ஒரு பாதத்தை ஊன்றினேன். மூச்சு வாங்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அடுத்த வரிசை காத்து நின்றது. கிண்ணத்தோடு ஆயரும் நின்றார். மூப்பு போய்விடவில்லை, எனக்குத் தெரியும். இந்த உடம்புக்கு எழ எவ்வளவு நேரம் வேண்டுமென்பதும் இப்போது தெரியும்.

காத்திருக்கட்டும் என்று, நிதானமாக எழுந்தேன்.