பாயசத்தில் விழுந்த பல்செட்

செஞ்சியிலிருந்து வல்லத்துக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்துக்காகவே ஒரு மாதம் முழுக்க நான் லீவு போடாமல் வேலைக்குப் போனேன்.

வல்லம் ஒன்றிய அலுவலகத்தில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து அப்போது நான்கு மாதம் ஆகியிருந்தது. காலையில் திருவண்ணாமலையிலிருந்து திண்டிவனம் போகும் தனியார் பஸ் ஒன்றில் ஏறுவேன். டிரைவர் தலைக்கு மேலே டிவி இருக்கும். திருவண்ணாமலையில் கிளம்பும்போதே படத்தைப் போட்டுவிடுவார்கள். நான் ஏறும்போது படம் பாதியில் ஓடிக்கொண்டிருக்கும், இறங்கும்போதும் முடிந்திருக்காது. பஸ் நேரம் தவறாது என்பதால் தினமும் எனக்குக் கிடைப்பது அதே துண்டுதான்.

அந்தத் துண்டில் கதாநாயகன் தன் மாமாவோடு பெண் பார்க்கப் போயிருப்பான். சமையல்கட்டில் மாமா பாயச வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தும்ம, அவருடைய பல்செட் வாளியில் விழுந்துவிடும். எடுப்பதற்குள் பெண் வீட்டார் வாளியைத் தூக்கிக்கொண்டு போய் எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். கதாநாயகன் ஒவ்வொருவரிடமும் ஈ விழுந்துவிட்டது என்று சொல்லி டம்ளரைப் பிடுங்கி, ஒரு மடக்கு குடித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பான். கடைசியில் பெண்ணின் தாத்தா டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோவார். சரியாக அப்போது கண்டக்டர், “வல்லம்லாம் எறங்கு” என்பார்.

ஒருநாள் இறங்காமல் அப்படியே திண்டிவனம் வரை போய்விடலாமா என்று யோசித்தேன். முடியாது. எங்கள் சூப்பிரண்டெண்ட் மேடமும் அதே பஸ்ஸில்தான் வருவார். ஐம்பதைத் தாண்டியவர். கஞ்சி போட்ட காட்டன் புடவை, கழுத்தில் சங்கிலி கோத்த கண்ணாடி. அவர் சிரித்து அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. நான் அடித்த கடிதத்தில் ஒரு புள்ளி விடுபட்டால்கூட, அதைச் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார்.

இரண்டாவது வாரத்தில்தான் கவனித்தேன். எனக்கு இரண்டு சீட் முன்னால் அவருடைய தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. முந்தானையை வாயில் வைத்து அழுத்தியிருந்தார். பஸ்ஸைவிட்டு இறங்கியதும் முகம் பழையபடி கல்லாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒரு திங்கட்கிழமை டிவியில் வேறு படம் ஓடியது. மேடம் எழுந்து கண்டக்டரிடமே போய்விட்டார்.

“அந்தப் படம் எங்கப்பா? பேரு இன்னா?”

“எனுக்கு இன்னா மேடம் தெரியும். ஓனர் பென் டிரைவ்ல போட்டுக் குடுப்பாரு, நான் சொருவுவேன். அத அழிச்சிட்டு இத போட்டுட்டாரு.”

அன்று மதியம் மேடம் ஃபைலோடு என்னைக் கூப்பிட்டார். கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏம்மா, அந்தப் பல்செட்டு யார் டம்ளர்ல இருந்திருக்கும்?”

நானும் குரலைத் தாழ்த்தினேன். “தாத்தா டம்ளர்தான் மேடம்.”

“நானும் அதான் நெனைக்கிறேன். ஆனா டைரக்டர் அவ்ளோ ஈஸியா வெக்க மாட்டான். சனிக்கிழமை பஜாருக்கு வர்றியா?”

சனிக்கிழமை பத்து மணிக்கு இருவரும் செஞ்சி பஜாரில் டிவிடி கடைமுன் நின்றோம். வாசலில் வாரப் பத்திரிகைகளும் மாத நாவல்களும் கிளிப் போட்டுத் தொங்கின. உள்ளே சுவர் முழுக்க டிவிடி. கடைக்காரர் கவுண்டரில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“படம் பேரு சொல்லுங்க மேடம்.”

“பேரு தெரியாது.”

“ஹீரோ யாரு?”

“யாரோ புதுப் பையன். மீசை வெச்சிருப்பான்.”

கடைக்காரர் சுவரைத் திரும்பிப் பார்த்தார். “மீசை இல்லாதவன் எவன் மேடம் இருக்குறான்? கதையச் சொல்லுங்க.”

நான் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் மேடம் குறுக்கிட்டார். “நீ சொல்ற மாதிரி இல்லடி அது. தள்ளு.” கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, கடைக்காரரின் சாம்பார்த் தூக்கை வாளியாக வைத்துக்கொண்டார். மாமாவைப் போலக் குனிந்தார், தும்மினார், வாயைப் பொத்திக்கொண்டு பொக்கை வாயால் பேசினார். அப்புறம் கதாநாயகனாக மாறி, மெமரி கார்டு வாங்க வந்த இரண்டு கல்லூரிப் பெண்களிடம், “ஈ வுழுந்துட்டுதுங்க” என்று இல்லாத டம்ளரைப் பிடுங்கிக் குடித்தார். வசனம் ஒன்றுகூடத் தவறவில்லை. அடுத்த வசனம் என்னுடையது என்று எனக்கே தெரிந்து, நான் பெண்ணின் அம்மாவாகப் பேசினேன். எங்கள் அலுவலகத்து ஆள் யாராவது அந்த வழியாக வந்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. வேர்க்கடலை விதை மூட்டையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் உள்ளே வந்தார். பக்கத்தில் மேல்சித்தாமூர்க்காரராம்.

“இது நான் பாத்தேன். தாத்தா முழுங்கிருவாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போவாங்க.”

“அது வேற படம்ணே,” என்றாள் கல்லூரிப் பெண் ஒருத்தி. “இதுல பொண்ணோட அத்தை கடிச்சிடுவாங்க.”

“நீ பாத்தியா?”

“எங்க அக்கா சொல்லிச்சு.”

கடைக்காரர் இட்லியை மூடிவைத்துவிட்டு ஏணியில் ஏறினார். மேல்தட்டிலிருந்து ஒரு டிவிடியை எடுத்து வந்தார். அட்டையில் கதாநாயகன் ரத்தம் சொட்டும் அரிவாளோடு நின்றான். பின்னால் ஒரு லாரி எரிந்துகொண்டிருந்தது.

“இது இல்ல,” என்றார் மேடம்.

“இதான் மேடம். போட்டுக் காட்டுறேன்.”

கடை டிவியில் போட்டு ஓட்டினார். அதே பையன், அதே மீசை, அதே வாளி. மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மேல்சித்தாமூர்க்காரரும் நின்றார். தாத்தா டம்ளரைத் தூக்கினார். மேடம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தாத்தா குடித்தார். எதையோ வாயிலிருந்து வெளியே எடுத்தார். பல்செட். இப்படியும் அப்படியும் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும் மெதுவாக அதை வாயில் மாட்டிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்திவிட்டது. பெண்ணின் அம்மாவைத் திரும்பிப் பார்த்து ஒரு முழுப்பல் சிரிப்பு சிரித்து, “ரெண்டு முறுக்கு கொண்டாம்மா” என்றார்.

மேடம் வேர்க்கடலை மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி சங்கிலியில் ஊசலாட, கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமே வராமல் சிரித்தார். சிரிப்பு அடங்கும், “முறுக்கு” என்பார், மறுபடி தொடங்கும். மூட்டைக்காரர், “பாத்துக்கோங்க, விதைக்கடலை ஒடைஞ்சிறப் போவுது” என்று சொல்லிக்கொண்டே தானும் சிரித்தார்.

டிவிடியை வாங்கிக்கொண்டு மேடம் வீட்டுக்குப் போனோம். அவர் கணவர் எங்களை வியப்பாகப் பார்த்தபடி டீ போட்டுக் கொடுத்தார். படத்தை முதலிலிருந்து போட்டோம். பல்செட் காட்சி முடிந்து கால் மணி நேரத்தில் அந்தத் தாத்தாவை யாரோ வெட்டிப் போட்டார்கள். அப்புறம் படம் முடியும்வரை ஒரே வெட்டுக்குத்துதான்.

மேடம் ரிமோட்டைத் தூக்கி வைத்துவிட்டு எழுந்தார். “அந்த மனுசன் ஒரு முறுக்கு திங்குறதுக்குள்ள கொன்னுட்டானுங்க. வா, கடைக்கு.”

சாயந்திரமே திரும்பிப் போனோம். டிவிடியைக் கவுண்டரில் வைத்தார். “யாரும் சாவாத படமா குடுப்பா.”

கடைக்காரர் தாடையைச் சொறிந்தார். “எல்லாத்துலயும் ஒருத்தனாவது செத்துடுவான் மேடம். கெட்டவன் செத்தா பரவாயில்லியா?”

மேடம் யோசித்தார். “கெட்டவன்னா சரி. ஆனா கடைசில.”

கடைக்காரர் தேடித் தேடி மூன்று படங்களை எடுத்துக் கொடுத்தார். வாசலில் தொங்கிய மாத நாவல்களில் மேடம் இரண்டை உருவி, கடைசிப் பக்கத்தை நின்றபடியே படித்துப் பார்த்து, ஒன்றை மாட்டிவிட்டு ஒன்றை வாங்கினார். எனக்கு ஒரு ஜோக்ஸ் புத்தகம்.

திங்கட்கிழமை நான் அடித்த கடிதம் சிவப்பு வட்டத்தோடு திரும்பி வந்தது, இரண்டு இடத்தில். அடுத்த சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் போன் வந்தது. “கௌம்பிட்டியா? கடை தொறந்துட்டான்.”