இலை நரம்பில் ஒரு பச்சைக் கோடு

நெற்பயிர் நோய் ஆராய்ச்சிக் கூடத்தில் எல்லோரும் அவரை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். பாடம் எடுத்தவர் இல்லை. கேள்விக்கு மேல் கேள்வி கேட்டு ஆளைத் துளைத்துவிடுவார், அதனால் வந்த பெயர். ஓய்வு பெற்று எத்தனையோ காலமாகியும், கறுப்புத் திரை தொங்கிய அந்த நுண்ணோக்கி அறையை நினைத்தால் டீச்சருக்கு மனசு இளகிவிடும்.

அங்கே கூட வேலை பார்த்தவர் ஒரு சிடுமூஞ்சி விஞ்ஞானி. அவர் மட்டும் டீச்சரை ‘மேடம்’ என்பார். இலையைக் கருக வைக்கும் பாக்டீரியாவுக்குள் ஒளிரும் புரதத்தின் மரபணுவை இருவரும் சேர்ந்து புகுத்தியிருந்தார்கள். நீல ஒளி பட்டால் கிருமி பச்சையாக மின்னும். இலைக்குள் அது போகும் வழி தெரியும். கிருமிக் கரைசலில் தோய்த்த கத்தரிக்கோலால் இலை நுனிகளை வெட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். இலைகள் கருகின. பச்சையைத்தான் காணோம்.

“உங்க கிருமிக்கு நம்ம மேல என்ன கோபம் மேடம்?” என்றார் சிடுமூஞ்சி.

“கோபமில்ல சார். நாம குடுத்த மரபணுவ வழியிலேயே உதறிட்டுப் போகுது. தோள்ல போட்ட துண்டு மாதிரி விட்டா உதறத்தான் செய்யும். அதோட சொந்த மரபணுவோட சேத்துத் தெச்சுடணும்.”

“மறுபடியும் முதல்லேர்ந்தா?” என்று தலையில் கைவைத்தார். கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தார். பிறகு அவரே வந்து, “சரி, ஊசி நூல எடுங்க” என்றார்.

அடுத்த பயிரில் தெரிந்தது. நரம்புக் குழாய் நெடுக ஒரு பச்சைக் கோடு. மஞ்சள் படர்ந்த நுனியோடு அது நிற்கவில்லை. நோயே அண்டாததுபோல் பளபளத்த இடத்துக்குள்ளும் இறங்கியிருந்தது.

“சார், இலை வாடுறதுக்கு முன்னாடியே ஆள் உள்ள பூந்தாச்சு!”

“நகருங்க மேடம், நானும் பாக்கணும்ல!” இருவரும் குழந்தைகள்போல் முட்டிமோதிக்கொண்டார்கள். அப்புறம் சிடுமூஞ்சி வெளியே போய் மனைவிக்கு போன் செய்தார். “ஒண்ணுமில்ல, சும்மாதான் கூப்பிட்டேன்” என்றார்.

பின்னாளில் அவர் மகளே டீச்சர் வீட்டுக்கு மருமகளாக வந்தாள். சம்பந்தியான பிறகும் அவருக்கு டீச்சர் ‘மேடம்’தான். போன வருஷம் அவர் காலமானார். துக்கமெல்லாம் சற்று அடங்கிய ஒரு காலையில், காய் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் கேட்டாள்: “வேலை பாக்கற எடத்துல அப்பா எப்படி அத்தை இருப்பாரு?”

“உங்கப்பாவா? வாயத் தொறந்தா வம்புதான்” என்று டீச்சர் ஆரம்பித்தார். அன்று அந்த வீட்டில் சமையல் முடிய வெகு நேரமாயிற்று.