இரண்டு கால் வைத்த பாவாடை

அக்காவின் மகள் போன கிழமை பலாசோ என்று ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, "சின்னம்மா, நிண்டால் பாவாடை, நடந்தால் காற்சட்டை. புது ஸ்டைல்" என்றாள். புதுசாம்! முப்பது வருடங்களுக்கு முன்பே இணுவிலில் அதைத் தைத்த மகாராணி நான் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஏன் என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

அப்போது அதற்கு டிவைடட் ஸ்கேர்ட் என்று பெயர். வெள்ளைக்காரப் பெண்கள் குதிரை ஏறவும் சைக்கிள் ஓடவும் போட்டதாம். ஒரு பழைய தையல் புத்தகத்தில் படம் இருந்தது. எங்களுக்குக் குதிரை ஏது? சண்டையால் பெற்றோல் இல்லாத காலம், ஊரே சைக்கிளில்தான் போனது. என் தையல் மெஷினுக்கும் தேங்காய் எண்ணெய்தான் விட்டேன். நான் தைத்த சட்டையெல்லாம் சமையல் மணம்.

என் சிநேகிதி வசந்தி, பல்கலைக்கழகம் போக எடுக்கும் ஏ.எல். சோதனைக்காக டவுனுக்கு ரியூசன் போகவேண்டும். வீட்டில் இருந்தது வெளிநாடு போன தமையனின் ஆம்பிளைச் சைக்கிள். சீற்றுக்கு முன்னால் உள்ள குறுக்குப் பாருக்கு மேலால் பாவாடையோடு எப்படிக் காலைப் போடுவது? பழைய திரைச்சீலை ஒன்றில் அந்தப் படத்தில் இருந்ததைத் தைத்துக் கொடுத்தேன். முன்னும் பின்னும் பெரிய மடிப்பு வைத்ததில், நிற்கும்போது சாதாரணப் பாவாடைதான். சைக்கிளை உருட்டிப்போய் வீட்டுக்குத் தெரியாத ஒழுங்கை முடக்கில்தான் ஏறுவாள். அவளுடைய அம்மாவுக்கே தெரியவில்லை. எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் அவசரத்தில் தோய்த்து வெளிக் கொடியில் போட்டுவிட்டாள். காற்றுக்கு மடிப்பு விரிந்து இரண்டு காலும் தனித்தனியே ஆடியிருக்கின்றன. மாமி, அதுதான் வசந்தியின் அம்மா, அதைச் சுருட்டிக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"பிள்ளை, இந்தக் காற்சட்டையை ஆர் தைச்சது? நீயோ?"

ஊர்த் தாய்மாரை நம்பித்தான் என் மெஷின் ஓடியது. "எனக்குத் தெரியாது மாமி" என்றேன். அப்போது நாக்குக் கூசவில்லை. இப்போது கூசுகிறது.

வசந்தி என்னை ஒரு தரம் பார்த்தாள். "உவள் கடைக்குப் போன நேரம் நான்தான் களவா மெஷினில இருந்து தைச்சனான்" என்றாள். பொத்தான் கட்டக்கூடத் தெரியாதவள்.

மாமி அவளின் கன்னத்தில் அறைந்தார். பிறகு என்னிடம், "குறை நினையாதை பிள்ளை. உதைப் பிரிச்சுப் பாவாடையாக்கித் தா" என்றார்.

பிரித்தேன். வசந்தி பக்கத்தில் இருந்து நூல் பொறுக்கினாள். பிறகு கொஞ்ச நாள் நடந்து போனாள், மழை தொடங்க அதுவும் நின்றது. சோதனை எடுக்கவேயில்லை.

இடப்பெயர்வில் மெஷினும் போயிற்று, நாங்களும் திக்குத் திக்காகப் போனோம். வசந்தி இப்போது கனடாவில். கதைக்கும்போது இதைப்பற்றி மூச்சும் விடமாட்டாள். மாமி போன வருடம் மோசம் போய்விட்டார். கண் மூடும்வரை தன் மகளைக் கள்ளி என்றும் என்னை நல்ல பிள்ளை என்றும்தான் நினைத்திருந்தார்.