ஒருநாள் வந்த நுணுக்குக்காட்டி

கட்டைபறிச்சானில் நான் படித்தது அரசாங்கப் பள்ளிக்கூடம். விரிகுடாவுக்கு அந்தப் பக்கம், திருகோணமலை நகரத்தில் என்னைவிடச் சில மாதமே மூத்த பெரியம்மாவின் மகள், என் அக்கா, அதே வகுப்பில் படித்ததும் அரசாங்கப் பள்ளிக்கூடம்தான். இருவருக்கும் ஒரே இலவசப் புத்தகம், ஒரே வெள்ளைச் சீருடைத் துணி, பரீட்சைக்கு ஒரே வினாத்தாள். இதற்குப் பெயர் சம வாய்ப்பு என்று குடியியல் பாடத்தில் எழுதி முழுப் புள்ளியும் வாங்கியிருக்கிறேன். அந்தத் தாளை இப்போது கண்டால் கிழித்தெறிவேன்.

எட்டாம் வகுப்பில் இருந்தபோது அக்காவின் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி என்று அப்பா என்னைக் கூட்டிப் போனார். அவர்களுடைய விஞ்ஞான அறையில் மேசைக்கு மேசை தண்ணீர்க் குழாய் இருந்தது. ஜன்னலோரம் வரிசையாக நுணுக்குக்காட்டிகள். வெங்காயத் தோலுக்குள் அறை அறையாகக் கலங்கள் தெரியும் என்று அக்கா சொன்னாள். நானும் வரிசையில் நின்றேன். என் முறை வருவதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

எங்கள் பள்ளிக்கூடத்திலும் விஞ்ஞான அறை இருந்தது. வாசலில் பெயர்ப்பலகை, கதவில் பூட்டு, உள்ளே உடைந்த கதிரைகள். விஞ்ஞான ஆசிரியர் மாற்றலாகிப் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. சமயம் படிப்பித்த ரீச்சரே புத்தகத்தை எங்களுக்கு வாசித்துக் காட்டுவார். கேள்வி கேட்டால் அழுதுவிடுவார் போலிருக்கும்.

அப்பாவுக்கு வயலும் உண்டு, வலையும் உண்டு. எழுத்து வேலை பழக்கமில்லை. ஆனாலும் பஸ்ஸில் நான் புலம்பியது அவரைச் சுட்டிருக்க வேண்டும். அந்தக் கிழமையே கொப்பித் தாளின் நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் அங்கே என்னென்ன இருக்கிறது, மறுபக்கம் இங்கே என்னென்ன இல்லை என்று எழுதினார். கீழே ஒரு விஞ்ஞான ஆசிரியர் வேண்டும் என்று கேட்டு, ஊர்ப் பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிக் கல்வித் திணைக்களத்துக்கு அனுப்பினார்.

பதில் வந்தது. இரண்டு பள்ளிக்கூடங்களையும் ஒப்பிட்டுப் பார்க்க அதிகாரிகள் நேரில் வருகிறார்களாம்.

அவர்கள் வருவதற்கு முதல்நாள் ஒரு வான் வண்டி வந்தது. உடைந்த கதிரைகள் பின்வளவுக்குப் போயின. வானிலிருந்து கண்ணாடிக் குடுவைகள், எலும்புக்கூட்டுப் படம், இரண்டு நுணுக்குக்காட்டிகள் இறங்கின. நுணுக்குக்காட்டிகளின் அடியில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதியிருந்த பெயர் அக்காவின் பள்ளிக்கூடத்துப் பெயர். அதிபர் அதன்மேல் கடதாசி ஒட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கெட்டிக்காரப் பிள்ளை என்று தலையைத் தடவி, சொல்ல வேண்டியதைச் சொல்லித் தந்தார். புத்தகத்தில் படமாக இருப்பதுதான். எனக்கு அது கரைத்துக் குடித்த பாடம்.

மறுநாள் அதிகாரிகள் வந்தார்கள். பெற்றோர் சுவரோரம் நின்றார்கள். நான் முதன்முதலாக ஒரு நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தேன். இருட்டு. என் இமைமயிர் மட்டும் அசைந்தது. அடியிலுள்ள கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்ப வேண்டும் என்று எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

"என்ன பிள்ளை தெரியுது?" என்றார் பெரிய அதிகாரி.

"வெங்காயக் கலம் சேர். கலச்சுவர், கரு எல்லாம் வடிவாத் தெரியுது."

எல்லோரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்குள் அப்பாவின் குரல் கேட்டது.

"ஐயா, இது எங்கட சாமான் இல்லை. நேற்று வானில வந்தது. அந்தக் கடதாசியை உரிச்சுப் பாருங்கோ. நாளைக்குத் திரும்பப் போயிடும். எங்களுக்கு ஒரு வாத்தியாரைத் தாங்கோ!"

அதிபரின் முகம் வெளுத்தது. அதிகாரி கடதாசியைப் பார்க்கவில்லை; என்னைப் பார்த்தார். "உங்கட மகளே பாவிச்சுக் காட்டுறா. பிறகென்ன கதை?" என்று சிரித்தார். இரண்டு பேர் அப்பாவைத் தோளில் பிடித்து வெளியே கூட்டிப் போனார்கள். அவருடைய ஒரு செருப்பு கதவடியில் கழன்று கிடந்தது. நான் எடுத்துக் கொடுக்கவில்லை. அப்படியொரு வெட்கம் எனக்கு, அவரால்.

"எல்லாருக்கும் முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டீங்கள்," என்று வீட்டில் கத்தினேன். மறுநாள் வான் வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. கதிரைகள் உள்ளே போயின.

பதினோராம் வகுப்பில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையில் எங்கள் வகுப்பில் ஒருவரும் விஞ்ஞானத்தில் சித்தியடையவில்லை. அக்கா திறமைச் சித்தி எடுத்தாள். பெறுபேறு வந்த அன்றும் நான் அப்பாவைத்தான் ஏசினேன். "அண்டைக்குச் சண்டை பிடிக்காமல் தன்மையாப் போய்க் கேட்டிருந்தா ஒரு வாத்தியாரைத் தந்திருப்பாங்கள்." அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

போன வருடம் அலுமாரியைத் துப்புரவாக்கும்போது ஒரு கடிதம் அகப்பட்டது. அதிகாரிகள் வந்துபோன அடுத்த மாதம் அப்பாவின் பெயருக்கு வந்தது. 'தங்கள் பாடசாலையில் ஆய்வுகூட வசதி இருப்பதும், மாணவி ஒருவர் நுணுக்குக்காட்டியைத் திறம்படக் கையாண்டதும் நேரில் உறுதிசெய்யப்பட்டன. நகரப் பாடசாலையுடன் ஒப்பிடுகையில் குறைபாடு எதுவும் காணப்படவில்லை. எனவே ஆசிரியர் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டிய அவசியம் எழவில்லை.'

முற்றத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த அப்பாவிடம் கொண்டு போனேன்.

"இது உங்களுக்கு அப்பவே தெரியுமோ?"

"ஓம். அதுக்குப் பிறகும் மூன்று தரம் போய்க் கேட்டனான். ஒவ்வொரு முறையும் உன்ர கதையைத்தான் வாசிச்சுக் காட்டினாங்கள்."

"நான் உங்களை அவ்வளவு ஏசினேனே. ஏன் சொல்லேல்லை?"

"நீ பிள்ளை," என்றார் அப்பா. "பெரிய மனுசர் செய்த களவை உன்ர தலையில போட ஏலுமோ?"

அவர் மறுபடி வலைக்குக் குனிந்தார். கடிதம் என் கையில் கசங்கிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வயதில் எனக்கு என் அப்பாமேல் வந்த கோபத்தில் கால்வாசிகூட, என் தலையைத் தடவிய அந்த அதிபரின் கைமேல் வரவில்லை.