மேடையில் அக்காவின் குரல்

என் அக்கா மேடை மொழிபெயர்ப்பாளர். பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவளும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். அந்த வேலையின் முறை அது.

வெளிநாட்டில் வேலை பார்த்த எங்கள் அண்ணனை அங்கே ராணுவம் பிடித்துக்கொண்டு போனது. அப்புறம் தகவலே இல்லை. அந்த நாட்டின் அதிபரைத்தான் எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் பேசக் கூப்பிட்டது. கருத்துச் சுதந்திரமாம். பக்கத்தில் நின்றால் ஏதாவது தெரியவராதா என்று அக்கா அவருக்கு மொழிபெயர்க்கப் போனாள்.

காணாமல் போனவர்களைப் பற்றி ஒரு மாணவி கேட்டாள். அதிபர் சிரித்தபடி சொன்னதை அக்கா மைக்கில் சொன்னாள்: “நான் யாரையும் பிடித்துக்கொண்டு போகவில்லை. அவர்களாகவே எங்கோ ஓடிப்போனார்கள்.”

வீட்டில் டிவி முன்னால் இருந்த அம்மாவுக்குக் கேட்டது மகளின் குரல் மட்டும்தான்.

இப்போதெல்லாம் அக்கா கதவைத் தட்டி, “நான்தாம்மா” என்றால், அம்மா தாழ்ப்பாளைத் திறக்காமல் கேட்கிறாள்: “நான்னா யாரு?”