பஞ்சு டிரைவரும் பக்கத்து இருக்கையும்

தொலைதூரப் பேருந்து டிப்போவில் அவரைப் பஞ்சு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஆள் ஒன்றும் பஞ்சு மாதிரி இருக்க மாட்டார், தொண்ணூற்றிரண்டு கிலோ. அவர் பிரேக் போடுகிற விதத்துக்கு வைத்த பெயர் அது. பஞ்சு பிரேக் போட்டால் தூங்குகிற பயணியின் தலை ஜன்னலில் இடிக்காது. இருபத்து மூன்று வருடமாகக் காலை ஆறு மணி வண்டி அவருடையது. பதினோரு மணி நேரம் ஓட்டிப் போய், அந்த ஊர் டிப்போவில் படுத்து எழுந்து, மறுநாள் அதே வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவார். இத்தனை வருடத்தில் அவர் மேல் வந்த புகார் ஒன்றே ஒன்று. வண்டி நின்றதே தெரியாததால் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டதாக ஒரு பயணி எழுதிக் கொடுத்திருந்தார்.

அவர் மனைவிக்கு விமான நிலையத்தில் வேலை. பயணிகளின் பைகள் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும்போது திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஊர் உலகத்துப் பைகளின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் பதினான்கு வருடமாகப் பார்த்தவள். விமானத்தில் மட்டும் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

இருவருக்கும் சேர்ந்தாற்போல ஐந்து நாள் லீவு கிடைத்தது. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் இது இரண்டாவது தடவை. கடற்கரை ஊர் ஒன்றுக்குப் போவது என்று பேசி முடித்தார்கள். எதில் போவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டது.

"கார்ல போயிடலாம்," என்றாள் மனைவி. "பெல்ட்டைக் கழட்டுங்க, ஷூவைக் கழட்டுங்க, தண்ணி பாட்டிலை வெளிய போடுங்கன்னு நாள் பூரா கத்தறேன். லீவு போட்டுட்டுப் போய் அதே வரிசைலயா நிக்கணும்?"

"நாள் பூரா ஸ்டீயரிங் பிடிக்கிறேன். லீவு போட்டுட்டு அதையேவா பிடிக்கணும்?" என்றார் பஞ்சு.

பதினான்கு வயது மகளிடம் வழக்கு போனது. "ரெண்டு பேரும் சொல்றது ஒண்ணுதான். என்னை விடுங்க," என்று அவள் நழுவிவிட்டாள்.

பஞ்சு ஒரு காகிதத்தில், 'கார்: பதிமூன்று மணி நேரம். விமானம்: ஒன்றேகால் மணி நேரம்' என்று எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினார். மறுநாள் அதன் கீழே மனைவியின் கையெழுத்து இருந்தது: 'இரண்டு மணி நேரம் முன்னாலேயே போய் நிற்க வேண்டும். பெட்டி வர முக்கால் மணி நேரம். பெட்டி வராவிட்டால் இரண்டு நாள்.' இப்படியே ஒன்பது நாள் ஓடியது.

உண்மையில் ஸ்டீயரிங் ஒரு விஷயமே இல்லை. பதினேழு வருடத்தில் பஞ்சு ஒரு பயணத்திலும் மனைவி பக்கத்தில் சும்மா உட்கார்ந்து போனது கிடையாது. அவருடைய பேருந்தில் வந்தால் அவள் நாலாவது வரிசையில் இருப்பாள். கண்ணாடியில் தபால் தலை அளவுக்கு அவள் முகம் தெரியும். வீட்டில் இருந்த பழைய காரில் போனால் பக்கத்தில்தான் இருப்பாள், ஆனால் இவர் பார்ப்பது சாலையை. அதே கண்ணாடியில் எத்தனையோ புருஷன் பெண்டாட்டிகளை அவர் பார்த்திருக்கிறார். ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடுவார்கள், ஒரே பொட்டலத்தில் வேர்க்கடலை தின்பார்கள், தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்குவார்கள். ஒன்றேகால் மணி நேரமாவது அப்படிப் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. நாற்பத்தெட்டு வயதில் இதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னார்.

மனைவி உடனே இறங்கி வந்துவிட்டாள். "இதை முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?" என்று மூன்று நாள் தைலம் தேய்த்துவிட்டாள். நன்றாக இருந்த இடுப்பு எரிந்தது. பஞ்சு பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

டிக்கெட்டைத் தானே எடுப்பதாகச் சொல்லி மகளின் உதவியை மறுத்துவிட்டார். கைபேசித் திரையில் விமானத்துக்குள் இருக்கைகள் இருக்கும் படம் வந்தது. இருக்கைப் படம் என்றால் அவருக்கு அத்துப்படி. சக்கரத்துக்கு நேர்மேலே உட்கார்ந்தால் தூக்கிப் போடும், கடைசி வரிசை குலுக்கும், நடு வண்டிதான் சுகம். பன்னிரண்டாம் வரிசையில் மகளுக்கு ஜன்னல் ஓரம், அதை ஒட்டி மனைவிக்கு ஓர் இடம் என்று பார்த்துப் பார்த்துப் போட்டார். பிறகு தனக்கு முதல் வரிசையில் ஒன்று எடுத்தார். யோசித்து எடுத்த இடம் இல்லை. இருபத்து மூன்று வருடமாக வண்டியின் முன்னால் உட்கார்ந்தவரின் விரல் தானாகப் போன இடம். எந்த ஆசைக்காக இவ்வளவு பாடுபட்டாரோ அதற்கு அங்கேயே மண் விழுந்துவிட்டது. அது அவருக்கு உறைக்கவே இல்லை. குடும்பத்தை நல்ல இடத்தில் உட்கார வைத்த திருப்தியோடு டீ குடிக்கப் போனார்.

விமான நிலையத்தில் மனைவி வரிசையில் நின்றபடியே முன்னால் நின்றவரைப் பெல்ட்டைக் கழற்றச் சொன்னாள். அவரும் மறு பேச்சில்லாமல் கழற்றினார். பஞ்சுவின் சட்டைப் பையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தது, எப்போதும் இருக்கும். மனைவியோடு வேலை பார்க்கும் பெண் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இவரு உங்க வீட்டுக்காரர்தானே அக்கா?" என்று கேட்டாள்.

"எனக்கு இவரை யாருன்னே தெரியாது," என்றாள் மனைவி.

விமானத்தில் ஏறும்போதுதான் பஞ்சு பையிலிருந்து போர்டிங் சீட்டுகளை எடுத்து விநியோகம் செய்தார்.

"எனக்கும் இவளுக்கும் பன்னெண்டு. உங்களுக்கு?"

"ஒண்ணு."

மனைவி சீட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "ஏங்க, இதையும் நீங்கதான் ஓட்டப்போறீங்களா?"

அப்போதுதான் பஞ்சுவுக்கு உறைத்தது. பின்னால் கூட்டம் நெருக்கியது. அவளும் மகளும் உள்ளே போய்விட்டார்கள். அவர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். எதிரே சாலை இல்லை, கண்ணாடியும் இல்லை. ஒரு சாம்பல் நிறத் தடுப்புதான் இருந்தது. தபால் தலை அளவுக்குக்கூட அவள் முகம் தெரியவில்லை. அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் விமானத்தில் ஏறப் பயம் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு மிட்டாய் கொடுத்தார்.

விமானம் மேலே ஏறி, பெல்ட் விளக்கு அணைந்தபோது இருபது நிமிடம் வீணாகியிருந்தது. பஞ்சு எழுந்து பன்னிரண்டாம் வரிசைக்குப் போனார். மனைவிக்கு அந்தப் பக்கம், நடைபாதை ஓரமாக, ஒரு வழுக்கைத் தலைக்காரர் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், முதல் வரிசைல என் சீட் இருக்கு. காலை நல்லா நீட்டிக்கலாம். நீங்க அங்க போறீங்களா?"

வழுக்கைத் தலைக்காரர் நிமிர்ந்தார். "அவ்வளவு நல்ல சீட்டை விட்டுட்டு நீங்க ஏன் இங்க வர்றீங்க?"

நியாயமான கேள்விதான். பஞ்சு வாயைத் திறந்தார். அதற்குள் பணிப்பெண் வந்து, "சார், வழியில நிக்காதீங்க, போய் உட்காருங்க," என்றாள். பேருந்தில் தினமும் நாற்பது பேரிடம் இதையே சொல்கிறவர் பஞ்சு. அந்தத் தொனி எப்படியெல்லாம் சுடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இவ என் மனைவி," என்றார். பேருந்து இரைச்சலில் பேசிப் பழகிய குரல், அடங்கவில்லை. "பதினேழு வருஷமா நான் முன்னாடி, இவ பின்னாடி. ஒரு தடவையாவது இவ பக்கத்துல சும்மா உக்காந்து வரணும். அதுக்காகத்தான் பிளேன் பிளேன்னு அடம் பிடிச்சேன். இடுப்பு வலியெல்லாம் பொய். கடைசில சீட்டையும் நானே தப்பா போட்டுட்டேன்."

முன்னும் பின்னும் நாலு வரிசைக்குக் கேட்டது. மகள் சட்டைத் தொப்பியை இழுத்து மூக்கு வரை மூடிக்கொண்டாள். வழுக்கைத் தலைக்காரர் பேனாவை மூடி, மூக்குக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, எழுந்து முதல் வரிசைக்குப் போனார்.

பஞ்சு உட்கார்ந்தார். அவர் முழங்கை மனைவியின் முழங்கையில் இடித்தது. இரண்டு பேருமே நகர்த்திக்கொள்ளவில்லை.

"மூணு நாள் தைலம் தேச்சேனே," என்றாள்.

"ஆமா."

"எரிஞ்சுதா?"

"பயங்கரமா."

"நல்லா வேணும். இதைச் சொல்லியிருந்தா கார்லயே போயிருக்கலாம்ல?"

"கார்னா நான்தானே ஓட்டணும்?"

"உங்களை யாரு ஓட்டச் சொன்னா?"

கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள். ஓட்டுநர் உரிமம். புகைப்படத்தில் அவள் முறைத்துக்கொண்டிருந்தாள். வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"நீங்க அந்த ஊர் டிப்போல தங்கற நாள்ல நம்ம காரைத்தான் எடுத்துட்டுப் போய் கத்துக்கிட்டேன். இந்தப் பயணத்துல பாதி வழில சாவியைப் பிடுங்கி உங்களைப் பக்கத்துல உக்கார வைக்கணும்னு இருந்தேன். நீங்கதான் ஏரோப்ளேன்னு குதிச்சீங்க."

"நம்ம காரையா?" பஞ்சுவுக்கு ஏதோ ஒன்று மெல்லப் பிடிபட்டது. "எனக்குக் கொஞ்ச நாளா ஸ்டீயரிங் வயித்துல இடிச்சுதே..."

"எனக்குக் கால் எட்டாது, சீட்டை முன்னாடி இழுத்துப்பேன். பின்னாடி தள்ள மறந்துடும்."

"தொப்பை போட்டுடுச்சுன்னு நாலு மாசமா ராத்திரி அரை வயித்துக்குத்தானே சாப்பிடறேன்?"

"உடம்புக்கு நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

தொப்பிக்குள்ளிருந்து மகள் சிரிக்கிற சத்தம் வந்தது. இருபத்து மூன்று வருட அனுபவம் உள்ள டிரைவர், சொந்த வண்டியின் இருக்கை நகர்ந்ததைக் கண்டுபிடிக்கவில்லை. டிப்போவுக்குத் தெரிந்தால் மானம் போகும். பஞ்சுவுக்கு அதைப் பற்றியெல்லாம் கவலைப்படத் தோன்றவில்லை. தனக்கு மட்டும்தான் இந்த ஆசை என்று நினைத்து இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார். அவள் அவருக்குத் தெரியாமல் இதற்காகப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்திருக்கிறாள். அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவசரமே இல்லாமல் பார்த்தார்.

"திரும்பி வர்றப்ப வாடகைக் கார் எடுப்போம்," என்றாள். "நான் ஓட்டறேன்."

"பதிமூணு மணி நேரம் ஆகுமே."

"ஆகட்டும்."

பஞ்சு கொஞ்ச நேரம் கணக்குப் போட்டார். "நடுவுல சாப்பிட நிறுத்தினா பதினாலு," என்றார்.

"நிறுத்துவோம்," என்றாள்.