பிள்ளைக் காம்பராவை யார் பூட்டுவது?

மெல்பேர்னின் டாண்டினாங் புறநகரில் ஒரு குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் அது. காலை பத்து மணி நெருங்கியதும் கைக்குழந்தைகள் அத்தனை பேருக்கும் முகம் துடைத்து, நாப்பி மாற்றி, கதவுப் பக்கமாக விரிப்பைப் போட்டு உட்கார வைத்தேன். உட்காரத் தெரியாததை மடியில் வைத்துக்கொண்டேன். அறைக்குப் பொறுப்பான கேரன் வந்து பார்த்துவிட்டு, "யாராவது வருகிறார்களா?" என்று கேட்டாள். "அம்மாமார்" என்றேன். "யாருடைய அம்மா?" "எல்லாருடைய அம்மாவும்தான்." ஏதோ விழாவை மறந்துவிட்டோம் என்று நினைத்து அவள் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தாள். நான் கதவைப் பார்த்தேன். பிறகுதான் இரண்டு பேருக்கும் விளங்கியது. இங்கே பத்து மணிக்கு எந்தத் தாயும் வரமாட்டாள். பெயர் ஒட்டிய போத்தலில் பாலைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவள் சாயந்தரம்தான் திரும்புவாள். அன்று மத்தியானம் சாப்பாட்டு அறையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். பிள்ளைக்குப் பசிக்கிற நேரத்தில் தாய் வருவாள் என்று காத்திருந்ததில் எனக்கு என்ன வெட்கம்?

இலங்கை மலையகத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தோட்டத்துத் தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குப் பிள்ளைக் காம்பரா என்று பெயர். காகிதத்தில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று எழுதுவார்கள், எழுதட்டும். டயகமவுக்கு மேலே எங்கள் தோட்டத்தின் கீழ் டிவிசனில் அப்படி ஒரு காம்பரா. நாங்கள் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளுக்கும் மலைக்கும் நடுவில், தகரக் கூரையும் இரண்டு ஜன்னலுமாக நிற்கும். அங்கே நான்தான் டீச்சர், விஜி டீச்சர். பத்து மணிக்குப் பால் கொடுக்கிற தாய்மார் மலையிலிருந்து இறங்கி வருவார்கள். கூடையை வெளியே இறக்கி வைத்து, கொழுந்துக் கறை போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்து பிள்ளையை மாரில் போடுவார்கள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் எங்கள் மொத்த வேலையும் நடக்கும். எந்தப் பிள்ளை ராத்திரி தூங்கவில்லை, எதற்கு நிறை ஏறவில்லை, யாருக்கு ஊசி போட வேண்டும், எந்த வீட்டில் புருஷன் குடித்துவிட்டு அடித்தான், எல்லாம் அப்போதே பேசி முடிந்துவிடும். இங்கே அதற்குப் 'பெற்றோருடன் கூட்டாளித்துவம்' என்று பெயர் வைத்து இரண்டு நாள் வகுப்பு நடத்தி எனக்குச் சான்றிதழும் கொடுத்தார்கள். வாங்கிக்கொண்டு சிரித்தேன்.

இந்த ஊரின் தமிழ்ச் சங்கம் ஒன்று போன வருஷம் எங்கள் தோட்டத்துக்கு உதவி செய்யத் தொடங்கியது. நல்ல காரியம்தான், இல்லையென்று சொல்லவில்லை. சங்கத் தலைவர் குணா அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பொறியியலாளர். நான் அந்தத் தோட்டத்துப் பெண் என்று கேள்விப்பட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார். திரையில் ஒரு படத்தைக் காட்டினார். தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு கட்டடம், நிறநிறமாக டைல்ஸ், சறுக்கு, ஊஞ்சல், சுவரெல்லாம் யானையும் முயலும். பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. "மூண்டு டிவிசனுக்கும் சேர்த்து ஒண்டு, தங்கச்சி" என்றார். கீழ் டிவிசனிலிருந்து தொழிற்சாலைக்கு ஏறுவதென்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் வெறுங்கையோடு ஏறினாலே மூச்சு வாங்கும்.

"அப்ப கீழ் டிவிசன் காம்பரா?" என்று கேட்டேன். "அதை மூடிப்போட்டுப் பிள்ளையளை இஞ்சை கொண்டு வருவினம். தோட்ட நிர்வாகம் ஓம் எண்டு சொல்லிப்போட்டுது." "பத்து மணிக்குப் பால் குடுக்க அம்மாங்க எப்படி வருவாங்க?" குணா அண்ணை உண்மையாகவே விளங்காமல் என்னைப் பார்த்தார். "அவையள் ஏன் வரோணும்? பால்மா குடுக்கலாம்தானே. எல்லாத்துக்கும் ஆக்கள் இருப்பினம்." ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு எதையும் கொடுக்காதே என்று சுவருக்குச் சுவர் படம் ஒட்டிய நாட்டிலிருந்து வந்தவர்தான் இவரும். தன் பிள்ளைக்கென்றால் கேட்டிருப்பார். தோட்டத்துப் பிள்ளை என்றதும் அந்தக் கேள்வியே அவர் மனதில் எழவில்லை. அதுதான் எனக்கு எரிந்தது.

பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், "அந்தச் சனத்துக்கு எவ்வளவு செய்தாலும் காணாது" என்றார். மெல்லச் சொல்வதாக நினைத்துச் சொன்னார். நான் எழுந்து திரும்பி நின்றேன். "ஐயா, அந்தச் சனம் இந்தா நிக்குது. மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க." பிறகு குணா அண்ணை பக்கம் திரும்பினேன். "நீங்க கட்டுற கட்டடம் எங்க புள்ளைங்க வாயிலருந்து பாலப் புடுங்குது. ஊஞ்சலுக்கு நாங்க அழல. புள்ளைக்குக் கிட்டக்க தாய் இருக்கணும், தாய்க்குக் கிட்டக்க டீச்சர் இருக்கணும். அது முடியாட்டி உங்க யானையையும் முயலையும் நீங்களே வச்சுக்கங்க." குணா அண்ணை முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் மனுஷன் எழுந்து போகவில்லை. "இது உங்கட கருத்து, தங்கச்சி. தாய்மார் தங்கட வாயாலை சொல்லட்டும், நான் கேக்கிறன்" என்றார். சரி, கேட்கத்தானே வேண்டும்.

அன்றே சரஸ்வதிக்குப் போன் போட்டேன். என்னிடம் உதவியாளராக வந்து, ஹட்டனுக்குப் பஸ்ஸில் போய்ப் போய் டிப்ளோமா படித்து, நான் கிளம்பிய பிறகு அந்தக் காம்பராவைத் தூக்கி நிறுத்தியவள் அவள். எடுத்ததுமே பாய்ந்தாள். "என்னாக்கா, இந்தக் கூத்தெல்லாம் உங்க ஊருச் சங்கம் பண்றதாமே? திங்கக்கெழம சாவியக் குடுக்கச் சொல்லிட்டாங்க. மூணு டிவிசனுக்கும் ஒரு டீச்சர் போதுமாம், நா வீட்டுல குந்தியிருக்கணுமாம். நா குந்திக்கிறேன், போகட்டும். இந்தக் கைப்புள்ளைங்க என்னாக்கா பண்ணும்?" நான் கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் யாருக்கோ வேட்டு வைக்கப் போகிறாள் என்று அர்த்தம். "தாய்மாரு சொல்லணும், அம்புட்டுத்தானே? உங்க தலைவரத் திங்கக்கெழம காலைல போனுக்கு வரச் சொல்லுங்க. பெரட்டு நேரத்துக்கு."

பெரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டி யார் எந்த மலைக்கு என்று வேலை பிரிப்பது. அது நடக்கிற கொட்டகைதான் பெரட்டுக்களம். அங்கே அந்த நேரமென்றால் இங்கே எனக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். குணா அண்ணையும் தன் வீட்டிலிருந்து சேர்ந்துகொள்ள, சாப்பாட்டு அறையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். படம் தெளிந்ததும் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. கொட்டகை உத்தரத்தில் சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. கீழே, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குச் சாக்கை விரித்து, நடக்கிற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கை தட்டிப் பாடின. நடுவில் சரஸ்வதி. எவளோ ஒரு சின்னவளின் ரிப்பனை அவிழ்த்து என்னைத் தூணோடு கட்டி வைத்திருந்தாள், அதாவது போனை. கொழுந்துக் கூடையோடு தாய்மார் சுற்றி நின்றார்கள். ஒருத்தியும் மலைக்கு நகரவில்லை.

தேநீர் எடுக்க வந்த கேரன் எட்டிப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, வெள்ளமா? மண்சரிவா? எல்லாரும் பத்திரமா?" இல்லை, இதுவும் நம்முடையது மாதிரி ஒரு பராமரிப்பு நிலையம்தான் என்றேன். "பாவம்" என்று நெஞ்சில் கை வைத்தாள். "பாவமில்லை கேரன், கோபம்" என்றேன். அவளுக்கு அது புரிந்ததா தெரியவில்லை, ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கணக்கப்பிள்ளை பதிவுப் புத்தகத்தோடு வந்தார். "என்னா புள்ள இது, பெரட்டுக்களமா, புள்ளக் காம்பராவா?" "அதத்தான் பூட்டப் போறீங்களே ஐயா. இனிமே இதுதான் காம்பரா" என்றாள் சரஸ்வதி. "மலைக்குப் போகாட்டி யாருக்கும் அரைப் பேருதான், சொல்லிட்டேன்!" தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்றுதான் சொல்வோம், கொழுந்து குறைந்தால், பிந்தி வந்தால், அரைப் பேர், பாதிச் சம்பளம். அந்த மிரட்டலுக்குத்தான் எத்தனை தாய்மார் மார் கட்டிக்கொண்டு வலிக்க வலிக்க மலையிலேயே நின்றிருக்கிறார்கள். அன்று ஒருத்தியும் அசையவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த புஷ்பா என்ற பெண் நேரே போனுக்கு முன்னால் வந்தாள்.

"தலைவரய்யா, கேக்குதுங்களா? எம் பேரு புஷ்பா. கட்டடம் வேணாம்னு சொல்லலீங்க. எங்க லயத்துக்கிட்ட கட்டுங்க. டைல்ஸ் இல்லாட்டியும் பரவால்ல, கூரை ஒழுகாம இருந்தாப் போதும். நா ஓடி வந்து பால் குடுத்துட்டு ஓடிப்போற தூரத்துல இருக்கணும். எங்க டீச்சரும் இருக்கணும். வேற ஒண்ணும் வேணாம்." இதற்குள் தோட்ட மனேச்சர், எங்கள் பெரிய தொரையே ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார். குணா அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டார். என்ன சொல்லப் போகிறாரோ என்று போனின் சத்தத்தைக் கூட்டினேன். "தம்பி, அந்த மனேச்சரிட்டைப் போனைக் குடுங்கோ" என்றார், தூணில் கட்டியிருந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. பிறகு இங்கிலீஷில் ஒரே மூச்சில் சொன்னார்: தொழிற்சாலைப் பக்கத்துக் கட்டடத்துக்குச் சங்கம் எதுவும் தராது, கீழ் டிவிசன் காம்பராவைத் திருத்துவதென்றால் தருவோம், இந்த டீச்சர் அங்கே இருந்தால் மட்டும் தருவோம். தொரை தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி, இப்போதைக்குப் பூட்டவில்லை. அடுத்த மாதம் பேசுவோம்" என்றார். அடுத்த மாதமும் பெரட்டுக்களம் அங்கேதான் இருக்கும், தொட்டில் கட்ட எங்களுக்குச் சேலையும் இருக்கும்.

கணக்கப்பிள்ளை வேறு வழியில்லாமல் எல்லாருக்கும் பேர் போடத் தொடங்கினார். சரஸ்வதி விடவில்லை. "விஜி டீச்சருக்கும் போடுங்கய்யா, அவங்களும் பெரட்டுக்கு வந்துட்டாங்கல்ல." மனுஷன் போனைக் குனிந்து பார்த்தார். "இதுக்கு அரைப் பேருதான். ஆளு பாதி அங்கல்ல இருக்கு!" கொட்டகையே சிரித்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "முழுப் பேராவே போடுங்கய்யா!" என்று கத்திவிட்டேன்.

கத்திய கத்தில் பக்கத்து அறையில் தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டது. அதே நேரம் அங்கே ஒரு தொட்டிலும் அழத் தொடங்கியது. கேரன் எழுவதற்குள் நான் எழுந்தேன். அறைக்குள் போன் கொண்டு போகக் கூடாது என்பது சட்டம்; நிறுத்த மனம் வராமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஓடினேன். டாண்டினாங் பிள்ளையைத் தூக்கித் தோளில் சாய்த்து முதுகைத் தட்டினேன், அது அடங்கியது. பைக்குள் இருந்த பிள்ளை அழுதுகொண்டே இருந்தது.